ஏற்புடைப் பயன்பாட்டுக் குழுவின் ஒரே நடவடிக்கை

நாகரிகம் என்பது கணினி வாங்குவதில் இல்லை. வாங்கிய கணினியை யாரும் தொட்டுவிடாமல் காப்பாற்றுவதில் இருக்கிறது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், தருமபுரி மாவட்டத்தின் நாகரிகத் தலைநகரம், கடத்தூருக்கும் பொம்மிடிக்கும் நடுவே குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளிக் காடுகளுக்குள் ஒளிந்திருக்கும் எங்கள் நாகலேரிப்பட்டி நடுநிலைப்பள்ளிதான் என்பதை எந்த மேடையிலும் நிரூபிக்க நான் தயார்.

எங்கள் பள்ளியின் கணினி அறையில் ஆறு கணினிகள் உண்டு. ஆறுக்கும் பொம்மிடியில் அளவு கொடுத்துத் தைத்த உறைகள் உண்டு. ஆயுத பூஜை அன்று உறையைக் கழற்றி, திருநீறு பூசி, குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, மறுபடி உறையை மாட்டிவிடுவோம். ஐந்து ஆண்டுகளில் ஒரு கணினிகூடப் பழுதானதில்லை. 'தொட்டால்தானே பழுதாகும்?' என்று யாராவது கேட்கலாம். எங்கள் பள்ளியில் அப்படிக் கேட்டவர் ஒரே ஒருவர். அவர்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைப் பற்றியதுதான் இந்த வரலாறு.

என் பெயர் குப்புராஜ். கணக்கு ஆசிரியர். நடுநிலைப்பள்ளிக்கு எழுத்தர் கிடையாது என்பதால், தபாலைப் பெறுவது, எண் போட்டு, அடியில் கோடும் இரண்டு புள்ளியும் வைத்துக் கையெழுத்திடுவது, கோப்பில் சேர்ப்பது ஆகிய மூன்று பொறுப்புகளும் என்னிடம் உள்ளன. மூன்றுதான் என்பதைக் கவனிக்கவும். படிப்பது அதில் இல்லை. பதினோரு ஆண்டுகளாக இந்த எல்லையை நான் மீறியதே கிடையாது.

டிசம்பர் முதல் வாரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'பள்ளிப் பணியாளர்கள் தொழில்நுட்பத்தையும் வலையமைப்பையும் ஏற்புடைய முறையில் பயன்படுத்துதல்' என்பது பொருள். பதினான்கு பக்கம். எங்கள் தலைமையாசிரியர் தீர்த்தகிரி சார் முப்பது வருட அனுபவசாலி. எடுத்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் பிரித்தார். அங்கேதான் தேதி இருக்கும்.

"பதினஞ்சாந் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள குழு அமைச்சு, விதி போட்டு, நடவடிக்கை எடுத்து, போட்டோவோட ரிப்போர்ட்ட ஏத்தணுமாம்" என்றார். "குழுவுக்கு யார் யாரைப் போடலாம்?"

டீ ஆறுவதற்குள் குழு அமைந்துவிட்டது. தலைவர், தீர்த்தகிரி சார். உறுப்பினர்கள், தமிழாசிரியர் பச்சியப்பன் ஐயாவும் சமூக அறிவியல் சசிகலா டீச்சரும். செயலாளர், அடியேன்.

"சோபனா டீச்சரையும் சேத்துக்கலாங்களா சார்? அவங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும்" என்றார் சசிகலா டீச்சர்.

"அதனாலதாங்க டீச்சர் வேண்டாங்கறேன். தெரிஞ்சவங்க குழுவுல இருந்தா ஒருதலைப்பட்சமாப் போயிரும்."

"கற்றவர் வாதிடுவர். மற்றவர்தாம் தீர்ப்பளிக்க வல்லார்" என்று பச்சியப்பன் ஐயா வழிமொழிந்தார். ஐயா வீட்டுக்குக் காய்கறி வாங்கும்போதுகூட இப்படித்தான் பேசுவார்.

சோபனா டீச்சர் அறிவியல் ஆசிரியை. கணினிகளின் உறையைக் கழற்றும் பழக்கம் உள்ளவர். இரண்டு இடைநிலை ஆசிரியர்களும் உண்டு. ஆனால் அவர்கள் பணியில் சேர்ந்த நாள் முதல் ஏதாவது ஒரு பயிற்சியில்தான் இருக்கிறார்கள்.

முதல் கூட்டத்திலேயே பதினேழு விதிகளை இயற்றினோம். எல்லாவற்றையும் சொல்லி வாசகரைப் பொறாமைப்பட வைக்க விரும்பவில்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் விதிப்படி, காலை ஒன்பது பத்துக்கு எல்லா ஆசிரியர்களும் தங்கள் அலைபேசியைத் தலைமையாசிரியர் அறையில் ஒப்படைத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கென்று சத்துணவுக் கூடத்திலிருந்து ஓர் அன்னக்கூடை வரவழைக்கப்பட்டது. அந்தக் கூடையைப் பார்த்தால் கல் நெஞ்சும் கரையும். தலைமையாசிரியரின் போனுக்குப் பின்மூடி கிடையாது, ரப்பர் பேண்டு சுற்றியிருக்கும். சசிகலா டீச்சருடையதில் மூன்று பட்டன்கள் இல்லை. பச்சியப்பன் ஐயாவுடையதில் பேட்டரியே இல்லை. என்னுடையது என் மகள் சிறுவயதில் வைத்து விளையாடியது. இவ்வளவு எளிமையான கருவிகளை வைத்துக்கொண்டா இந்த ஆசிரியர்கள் நாட்டின் எதிர்காலத்தை உருவாக்குகிறார்கள் என்று தோன்றும். சோபனா டீச்சர் போட்டதும் ஒரு பட்டன் போன்தான். கணினி தெரிந்தவர் கையில் இப்படிப்பட்ட போனா என்று நாங்கள் கேலி செய்வதுண்டு. ஆனால் அவருடையது மட்டும் அவ்வப்போது மணியடித்துக் கூடையின் கண்ணியத்தைக் குலைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் விதிப்படி வகுப்பறைக்குள் அலைபேசி கூடாது. இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. மாணவர் வருகையை அலைபேசிச் செயலியில்தான் பதிய வேண்டும் என்பது இன்னொரு மேலிடத்து உத்தரவு. பச்சியப்பன் ஐயா ஒரு கணம் கண்ணை மூடினார். "நிலைப்படி என்பது உள்ளும் அன்று, புறமும் அன்று" என்றார். இரணியன் கதையை எங்களுக்கு நினைவூட்டினார். அன்றிலிருந்து நாங்கள் நரசிம்ம மூர்த்தியைப் போல நிலைப்படியில் நின்று வருகை போடுகிறோம். அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் எங்கள் கையில் பெரிய போன் ஒன்று எங்கிருந்தோ தோன்றி மறையும். அதைப் பற்றி விதியில் எதுவும் இல்லை. சோபனா டீச்சர் மட்டும் கணினி அறைக்குப் போய் வருகை போடுவார். மரபு தெரியாதவர்.

நான்காம் விதிப்படி, எவரும் தம் சொந்த டேட்டாவை அலுவல் பணிக்குப் பயன்படுத்தக் கூடாது. பள்ளியின் வைஃபை இருக்கும்போது அது எதற்கு?

ஆறாம் விதியைத் தலைவர் நிராகரித்தார். வைஃபையின் பாஸ்வேர்டை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. எங்கள் பாஸ்வேர்டு 'தீர்த்தமலை'.

"சாமி பேரை மாசாமாசம் மாத்தச் சொல்றாங்களா? நடக்காதுங்க" என்று சார் அடித்துவிட்டார். அவருக்கே அந்த மலைச் சாமியின் பெயர்தான். ஆகவே உணர்ச்சிவசப்பட்டார்.

அந்த வைஃபையைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லியாக வேண்டும். ஜூன் மாதம் ரோட்டை அகலப்படுத்தப் பொக்லைன் வந்து பள்ளி வாசலைத் தோண்டிவிட்டுப் போனது. சில நாட்கள் நெட்டு வரவில்லை. அப்புறம் வந்தது பாருங்கள், முன்பு எப்போதும் இல்லாத வேகம்!

"ரோடு நல்லா இருந்தா எல்லாமே வேகமா வருமுங்க" என்றார் தலைமையாசிரியர்.

அந்த வேகத்தை நாங்கள் கல்விப்பணிக்கு முழுமையாகப் பயன்படுத்தினோம். தலைமையாசிரியர் கறவை மாடு வாங்கும் யோசனையில் இருந்ததால் மாட்டுச்சந்தை வீடியோக்களைப் பார்த்து உயிரியல் அறிவை வளர்த்துக்கொண்டார். சசிகலா டீச்சர் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் டிசைன்களைப் பார்த்துப் பண்பாட்டு வரலாறு பயின்றார். பச்சியப்பன் ஐயா தாமே இயற்றிய வெண்பாவை ரோஜாப்பூவின்மேல் பொறித்து, பத்தொன்பது குழுக்களுக்குத் தினமும் 'காலை வணக்கம்' அனுப்பித் தமிழ் வளர்த்தார். நான் கிரிக்கெட் பார்த்துச் சராசரி கணக்கிட்டேன். ஒரே குறை, பெரும்பாலான நாட்களில் மூன்று மணிக்கு மேல் நெட்டு நின்றுவிடும். அதுவும் நம்மைப் போல ஓய்வெடுக்கிறது என்று விட்டுவிட்டோம்.

இப்படியாகப் பதினைந்தாம் தேதியும் வந்தது. காலையிலிருந்து யாரும் வீடியோ பார்க்கவில்லை. எல்லோரும் அறிக்கை வேலையில் மூழ்கியிருந்தோம். விதிகள் தயார். கூட்டக் குறிப்புகள் தயார். தலைவர் கூடையைத் தொடங்கிவைக்கும் படம், உறுப்பினர்கள் கூடையைப் பார்வையிடும் படம், கூடை தனியாக இருக்கும் படம் என இருபத்திரண்டு படங்கள் தயார். மதியம் இரண்டரைக்கு அறிக்கைப் படிவத்தின் ஏழாம் கட்டத்தில் வந்து முட்டிக்கொண்டோம். 'விதியை மீறியவர்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை: குறைந்தது ஒன்று. தவறு செய்தவரின் கையொப்பத்தைப் பின்னர் இணைக்கலாம்.'

"விதிய மீறுன ஆளு ஒருத்தர் வேணுங்களே" என்றார் தலைமையாசிரியர்.

நால்வரும் தரையைப் பார்த்தோம். என் சட்டைப்பையில் ஏதோ ஒன்று கனத்தது.

"குழு உறுப்பினர் குற்றமிழைத்தல் மரபன்று" என்றார் பச்சியப்பன் ஐயா.

"ஆமாங்க. அப்படிப் பாத்தா வெளியில இருக்கறது ஒருத்தர்தான்" என்றார் சசிகலா டீச்சர்.

குழு எழுந்து கணினி அறைக்கு நடந்தது. உண்மையைத் தேடி அல்ல. உண்மை என்ன என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. சாட்சியத்தைத் தேடி.

அங்கே நாங்கள் கண்ட காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆறு கணினிகளும் உறையில்லாமல் இருந்தன! எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். கடைசிக் கணினி முன் தேவிப்பிரியா உட்கார்ந்திருந்தாள்.

இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வகுப்பில் நான் கணக்கைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். இதனால் எனக்கு அவள்மேல் லேசான மனத்தாங்கல் உண்டு. அன்றைக்குக் கல்வி உதவித்தொகைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு தளம் மூடிவிடும். வகுப்பில் பத்துப் பேருக்குச் சோபனா டீச்சர் போட்டு முடித்துவிட்டார். தேவிப்பிரியாவின் வருமானச் சான்று அன்று காலையில்தான் கைக்கு வந்தது. தேர்வில் தேறினால் பன்னிரண்டாவது வரை படிக்க உதவி வரும். வராவிட்டால் என்ன என்பதை அவள் அம்மா முனியம்மாள் எங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "எட்டு முடிச்சா போதுமுங்க. ஓசூர்ல எந் தங்கச்சி வூட்டுல உட்டா ஏதாவது கம்பெனிக்குப் போவும்."

முனியம்மாள் அப்போது காம்பவுண்டு சுவருக்கு வெளியே, குச்சிக்கிழங்குக் காட்டில் நின்றிருந்தார். வேலையைப் பாதியில் விட்டு வந்த மண் கையோடு இருந்தார். அலைபேசி வைத்திருக்கும் வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்பது ஒன்பதாம் விதி. ஆனால் விண்ணப்பத்துக்கான ஆறு இலக்க எண் அவருடைய போனுக்குத்தான் வரும்.

"வந்துருச்சுங்க டீச்சர்!" என்று சுவருக்கு மேல் முகம் தெரியக் கத்தினார். "மூணு! எட்டு! மறுக்கா எட்டு! சைபரு! அப்பறம்... ஏய், மாட்டப் புடிங்கடா, காதுல உழல... அஞ்சு! ஒண்ணு!"

ஊரே கேட்டது. எதிரே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார்.

"குறிச்சுக்குங்க குப்புராஜ் சார்" என்றார் தலைமையாசிரியர், குரல் தழுதழுக்க. "யாருகிட்டயும் சொல்லக் கூடாத ரகசிய எண்ணை ஊரறியக் கூவினது. குற்றம் ஒண்ணு."

பீரோவின்மேல், சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதில் பச்சை விளக்கு மினுக்கியது.

"இது என்னங்க டீச்சர்?"

"நெட்டுப் பெட்டிங்க சார்" என்றார் சோபனா டீச்சர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பள்ளிக்கூடத்துக்குத்தான் நெட்டு இருக்குதே?"

"இல்லைங்க சார். அதுதான் நான்..."

"வாய்மொழி விளக்கம் ஏத்துக்க மாட்டோமுங்க. பன்னெண்டாம் விதி. எழுத்து மூலமாக் குடுங்க."

அனுமதியற்ற வலையமைப்பு! இப்படி ஒரு குற்றம் எங்கள் கையில் கிடைக்கும் என்று நாங்கள் கனவிலும் எண்ணவில்லை. பச்சியப்பன் ஐயா ஸ்டூலில் ஏறிப் பெட்டியைக் கைப்பற்றினார். சசிகலா டீச்சர் படம் எடுத்தார். எதை வைத்து எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

தேவிப்பிரியா கடைசிப் பட்டனை அழுத்தியிருந்தாள். அவள் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அவள் அதைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த தமிழ்நாடு வரைபடத்தைப் பார்த்தேன்.

பெட்டியைத் தலைமையாசிரியர் அறையின் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாட்சிப் பொருள் என்று சீட்டு ஒட்டினோம். குற்றச்சாட்டுக் குறிப்பாணையைத் தட்டச்சு செய்தேன். அதை அறிக்கையோடு சேர்த்து ஏற்றுவதற்காகத் தலைமையாசிரியரின் மேசைக் கணினியில் பட்டனை அழுத்தினேன்.

எங்கள் திரையிலும் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

கால் மணி நேரம் சுற்றியது. சசிகலா டீச்சர் முந்தானைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "எங்கயுமே வரலீங்க சார்" என்றார். பச்சியப்பன் ஐயா சன்னலோரம் திரும்பி நின்று பார்த்துவிட்டு, "வலை அறுந்தது போலும்" என்றார்.

"பாத்தீங்களா? போற போக்குல பள்ளிக்கூட நெட்டையும் கெடுத்துட்டாங்க" என்றார் தலைமையாசிரியர். "இதையும் சேருங்க."

'பழிவாங்கும் நோக்கில் பள்ளியின் வலையமைப்பைச் செயலிழக்கச் செய்தது' என்று சேர்த்தேன். தமிழ் நடை நன்றாக வந்திருந்தது.

இந்த இடத்தில் வாசகர் கேட்கலாம்: நால்வரில் ஒருவர் தம் சொந்த நெட்டைத் திறந்திருந்தால் அறிக்கை போயிருக்குமே? போயிருக்கும். ஆனால் எங்கள் போன்கள் அன்னக்கூடையில் இருப்பதாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கூடையில் இருக்கும் போனை எப்படிப் பையிலிருந்து எடுப்பது?

மூன்றே முக்காலுக்குச் சோபனா டீச்சர் உள்ளே வந்தார். பின்னால் தேவிப்பிரியா நின்றாள்.

"சார், அந்தப் பெட்டியக் குடுங்க."

"அது சாட்சிப் பொருளுங்க டீச்சர்."

"அது வந்தாத்தாங்க சார் உங்க ரிப்போர்ட்டும் போவும்."

"எப்படிங்க?"

சோபனா டீச்சர் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டார். ஆறாம் வகுப்புக்கு நீர்ச்சுழற்சியை விளக்கும் அதே குரலில் விளக்கினார்.

"ஜூன்ல பொக்லைன் தோண்டுனப்பவே கேபிள் அறுந்துபோச்சுங்க சார். அதுக்கப்பறம் பள்ளிக்கூட நெட்டுனு ஒண்ணு இல்லவே இல்லைங்க. பிள்ளைங்களுக்கு வேணுமேன்னு இந்தப் பெட்டிய வாங்கி என் சிம்கார்ட அதுல போட்டேன். ஆறு கம்ப்யூட்டர்லயும் போயி மாத்திட்டு இருக்க வேண்டாம்னு பழைய பேரு, பழைய பாஸ்வேர்டையே வச்சேன். உங்க போனெல்லாம் தானா வந்து ஒட்டிக்கிச்சு. ஆறு மாசமா நீங்க பாக்கறது, அனுப்பறது எல்லாமே இந்தப் பெட்டியிலதாங்க. என் சிம்மு அதுல இருக்கறதாலதான் எங்கிட்ட வேற சிம்மோட இந்தப் பட்டன் போனு."

தலைமையாசிரியர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப... ரோடு போட்டதால வேகமா வரலீங்களா?"

"இல்லைங்க சார்."

அவருக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனாலும் சாட்சிப் பொருளைத் தற்காலிகமாக விடுவிக்கும்படி உத்தரவிட்டார். பீரோ திறந்தது. பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கியது.

அடுத்த கணம் அந்த அறையில் பஜனை மடம்போல் மணிகள் ஒலித்தன. தலைமையாசிரியரின் சட்டைப்பையில் இரண்டு. சசிகலா டீச்சரின் கைப்பையில் நான்கு. பச்சியப்பன் ஐயாவின் வேட்டி மடிப்பில் பத்தொன்பது குழுக்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் வணக்கம் சொல்லின. என் பையில் ஒரு விக்கெட் விழுந்தது.

நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் அன்னக்கூடையைத் திரும்பிப் பார்த்தோம். கூடை ஊமையாக இருந்தது. தேவிப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், மொதல்ல இவளுதப் போட்டுரலாங்க. ரெண்டு நிமிசம்தான்" என்றார் சோபனா டீச்சர்.

"ஆபீஸ் வேலைதாங்க முதல்ல" என்றார் தலைமையாசிரியர். "இது முடிஞ்சதும் நீங்க தாராளமாப் போட்டுக்கங்க. நாங்க என்ன மனுசங்க இல்லீங்களா?"

அறிக்கையும் குறிப்பாணையும் இருபத்துமூன்று படங்களும் ஏறின. பெட்டியைக் கைப்பற்றும் படம், அந்தப் பெட்டியின் வழியாகவே ஏறியது. அதில் பச்சியப்பன் ஐயா நன்றாக விழுந்திருந்தார். நான்கு ஐந்துக்கு 'அறிக்கை வெற்றிகரமாகப் பெறப்பட்டது' என்று வந்தது. கைதட்டினோம். அதே நிமிடம் பெட்டியின் விளக்கு சிவப்பாக மாறியது.

"இன்னிக்கு டேட்டா தீந்துபோச்சுங்க" என்றார் சோபனா டீச்சர் மெதுவாக.

சுவருக்கு வெளியிலிருந்து முனியம்மாளின் குரல் கேட்டது. "டீச்சர்! நம்பரு மறுக்கா வரும்னீங்களே, வரலீங்களே? நான் இங்கயே நிக்கட்டுங்களா?"

சோபனா டீச்சர் எங்கள் நால்வரையும் பார்த்தார். "யாராச்சும் ஒருத்தர் போனக் கொஞ்சம் திறந்து உடுங்க. பத்து நிமிசம் போதுமுங்க."

பச்சியப்பன் ஐயா மின்விசிறியைப் பார்த்தார். தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்தார்.

"எங்க போனெல்லாம் கூடையில இருக்குதுங்களே டீச்சர்" என்றார் சசிகலா டீச்சர்.

அப்போது வீட்டிலிருந்து வந்த அழைப்பில் என் பை இன்னொரு முறை அதிர்ந்தது. தேவிப்பிரியாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். என் பையைப் பார்த்தாள். கணக்கைப் பார்த்ததும் விடை தெரிந்துவிடும் பெண் அவள். விடை தெரிந்தும் இந்த ஒரு முறைதான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்படுவதை எந்த விதியும் தடுக்காததால், அதை மட்டும் செய்துகொண்டு நின்றேன்.

நான்கு பத்துக்கு மணி அடித்தது. சோபனா டீச்சர் கூடைக்குள் கையை விட்டுத் தன் பட்டன் போனை எடுத்துக்கொண்டார். வெளியே ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது. சன்னல் வழியாகப் பார்த்தோம். முன்னால் டீச்சர், நடுவில் தேவிப்பிரியா, பின்னால் மண் கையோடு முனியம்மாள். கடத்தூர் ரோட்டில், அந்த நல்ல ரோட்டில், வேகமாகப் போனார்கள்.

"பணி நேரத்துல வெளியேறினாங்கன்னு ஒண்ணு சேக்கலாமா?" என்றார் தலைமையாசிரியர்.

"மணி அடிச்சுருச்சுங்க சார்" என்றேன். அவர் வருத்தப்பட்டார்.

கடத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான்கு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாம். முனியம்மாள் அங்கேயும் பழக்கதோஷத்தில் எண்ணை வாசலில் நின்று கூவியதாகவும், எதிரே தக்காளிக் கடைக்காரர் "எத்தன கிலோ?" என்று கேட்டதாகவும் மறுநாள் பிள்ளைகள் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் பாடம் நடத்தும்போது, கணக்கு ஆசிரியன் புத்தி சும்மா இருக்காமல் ஒரு கணக்குப் போட்டது. ஆறு மாதமாகப் பெட்டியிலேயே ஒட்டிக் கிடந்ததால், எங்கள் நால்வரின் சொந்த டேட்டாவும் அன்று தொடாமல் முழுதாக இருந்தது. எல்லாம் சேர்த்தால் ஆறு ஜிபி. தேவிப்பிரியாவின் விண்ணப்பத்துக்குத் தேவைப்பட்டதோ, பச்சியப்பன் ஐயாவின் ஒரு ரோஜாப்பூ அளவு.

ஒரு வாரத்தில் மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. 'விரைந்து செயல்பட்ட முன்மாதிரிக் குழு' என்று எங்களைக் குறிப்பிட்டிருந்தார்கள். அதோடு ஒரு நினைவூட்டலும் இருந்தது. ஏழாம் கட்டத்தில் தவறு செய்தவரின் கையொப்பம் இன்னும் வந்து சேரவில்லை, உடனே அனுப்பவும்.

அன்று மதியமே சோபனா டீச்சர் குறிப்பாணைக்கு எழுத்து மூலமான விளக்கத்தைக் கொண்டுவந்து தந்தார். பன்னிரண்டாம் விதிப்படி.

"பிரிங்க சார்" என்றார் தலைமையாசிரியர். "எனக்குக் கண்ணாடி இல்ல. நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

பதினோரு ஆண்டுகளில் முதல்முறையாக ஒரு தபாலைப் படித்தேன்.

'எவருடைய கவனத்துக்கும் கொண்டுவராமல் அனுமதியற்ற வலையமைப்பை இயக்கியது ஏன் என்று கேட்கப்பட்டுள்ளது. கேபிள் அறுந்துவிட்டது, புகார் செய்யுங்கள் என்று ஜூன் 19 அன்று எழுதினேன். என் சொந்த சிம்மைப் பெட்டியில் போட்டிருக்கிறேன், அதன் அளவு பிள்ளைகளுக்கே போதவில்லை, ஆசிரியர்கள் பயன்படுத்த வேண்டாம் என்று ஆகஸ்ட் 7 அன்று எழுதினேன். விண்ணப்பக் கடைசி நாள் வருகிறது, வேறு ஏற்பாடு செய்யுங்கள் என்று டிசம்பர் 8 அன்று எழுதினேன். நகல்களை இணைத்துள்ளேன்.'

நகல்களைப் புரட்டினேன். மூன்றிலும் வலது மூலையில் பச்சை மையில் 'பெறப்பட்டது', வரிசை எண், தேதி. அதன் கீழே ஒரு கையெழுத்து. அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து.

"என்னங்க சார் எழுதியிருக்காங்க? தப்பு யாரு பேருலன்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"தெளிவா எழுதியிருக்காங்க சார்."

"நல்லதாப் போச்சு. கையெழுத்து இருக்குதா?"

"மூணு இடத்துல இருக்குதுங்க."

"அப்ப அதையே அனுப்பிருங்க. கோப்ப முடிச்சுரலாம்."

அனுப்பிவிட்டேன். ஏழாம் கட்டத்தில் மேலிடம் கேட்டிருந்த கையொப்பம், தவறு செய்தவருடையதேதான், இப்போது முறைப்படி அறிக்கையில் சேர்ந்துவிட்டது. அடியில் கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.